மஸ்டா ஆர்எக்ஸ்-8: மலைநாட்டு வீதிக்கு ரேஸ் காராக்கிய வண்டியின் நீண்டகாலப் பாவனை அனுபவம்

ஆர்எக்ஸ்-8 பிறப்பிலேயே ரேஸ் கார் அல்ல. நாலு பேர் ஏறி, ஏசியைப் போட்டுக்கொண்டு, நெடுந்தூரம் விரைவாகவும் அலுப்பில்லாமலும் போய்ச்சேரும் வண்டி. பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண வடிவ ரோட்டர்கள் இரண்டு சுழன்று வலு தரும் ரோட்டரி என்ஜின்தான் இதற்கு. 2003இல் வந்தது, 2012இல் உற்பத்தி நின்றது. பழைய வாகன இறக்குமதிக்கு வயதெல்லை இருப்பதால் இனி இலங்கைக்கு இன்னொன்று வர வழியில்லை. உள்ளதை வைத்துத்தான் வேலை பார்க்க வேண்டும். இங்கே சொல்வது 250 குதிரைவலு, ஆறு கியர் 'டைப் எஸ்' பற்றியது. நுவரெலியா, தலவாக்கலை, ரம்பொடை, வெலிமடை என்று அன்றாடம் ஓடி, ஏப்ரல் பருவகாலத்தில் மாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டிக்கும் போகக்கூடிய வண்டிதான் நோக்கம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பிரேக், குளிரூட்டல், 17 அங்குல வீல், நல்ல ஷொக், டிஃப் (பின் சக்கரங்களுக்கு வலுவைப் பிரிக்கும் பெட்டி) விகிதம் ஆகிய ஐந்துக்கும் போட்ட காசு வீண்போகவில்லை. பெரிய சத்த சைலன்சர், கல் மாதிரி ஸ்பிரிங், ஏசியைக் கழற்றுவது மூன்றும் இந்த ஊருக்கு ஒத்துவரவில்லை.

எதிலும் கை வைக்குமுன், என்ஜினுக்குள் காற்று எவ்வளவு அமுங்குகிறது என்று அளக்கும் கொம்பிரஷன் டெஸ்ட் எடுக்க வேண்டும். சாதாரண பிஸ்டன் என்ஜின் கேஜ் இதற்குப் போதாது. ஒரு ரோட்டரின் மூன்று முகங்களில் கூடிய அழுத்தத்தை மட்டுமே அது காட்டும். மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் ரோட்டரி டெஸ்டர்தான் வேண்டும். நிமிடத்துக்கு 250 சுற்றில் நியம அளவு 830 கிலோபாஸ்கல், குறைந்தபட்சம் 680. ஒரே ரோட்டரின் முகங்களுக்கிடையே 150க்கு மேலும், இரு ரோட்டர்களுக்கிடையே 100க்கு மேலும் வித்தியாசம் இருக்கக்கூடாது. மலைநாட்டில் பலர் தடுமாறுவது இதற்கு அடுத்த இடத்தில்தான். நுவரெலியா 1868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தின் 80 வீதம் அளவுதான். கொழும்பில் 700 காட்டும் என்ஜின் இங்கே 560 அளவில்தான் காட்டும். இந்தக் கணக்குத் தெரியாமல் நல்ல என்ஜினைப் பிரித்துவிடுவார்கள். அதே கணக்கைச் சாட்டாக வைத்து, செத்த என்ஜினையும் 'உயரத்தால்தான் குறைவு' என்று விற்றுவிடுவார்கள். சூடாக இருக்கும்போது நிறுத்தி, பத்து நிமிடத்தில் திரும்ப ஸ்டார்ட் செய்து பாருங்கள். இழுத்து இழுத்துத்தான் பிடிக்கிறதென்றால், அழுத்தம் கசியாமல் அடைக்கும் ரோட்டர் சீல் தேய்ந்துவிட்டது.

அதே 80 வீதம் வலுவுக்கும் பொருந்தும். டர்போ இல்லாத என்ஜின் என்பதால் 250 குதிரைவலு நுவரெலியாவில் ஏறத்தாழ 200 ஆகிவிடுகிறது. காற்று 50ஐ எடுத்துக்கொண்ட இடத்தில், காற்று உறிஞ்சும் இன்டேக்கை மாற்றி ஐந்தோ பத்தோ தேடுவதில் அர்த்தமில்லை. டர்போ போடலாமே என்று கேட்பவர்களுக்கு: இது 10:1 கொம்பிரஷன் உள்ள என்ஜின், அரை லட்சம் கிலோமீற்றரிலேயே கொயில் (பிளக்குக்கு மின்சாரம் தரும் பாகம்) பழுதாகும் வகை. வேண்டாம்.

வலு கிடைக்காதென்றால் கியரில்தான் தேட வேண்டும். இந்த என்ஜினின் உச்ச முறுக்குவிசை 216 நியூட்டன் மீற்றர், அதுவும் 5500 சுற்றில். 4.444 டிஃபுடன் இரண்டாம் கியரில் 30 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு கொண்டை ஊசி வளைவைத் திரும்பும்போது என்ஜின் சுமார் 2400 சுற்றில்தான் இருக்கும், மிதித்தாலும் எழும்பாது. முதல் கியர் என்றால் 4000. ஆனால் ஓட்டத்தில் முதல் கியருக்கு அடிக்கடி இறக்கினால் கியர் இலகுவாக விழ உதவும் சிங்க்ரோ தேயும். 2008க்குப் பிந்திய மொடலின் 4.777 விகிதத்தைப் போட்டால் எல்லாக் கியரிலும் இழுவை ஏழரை வீதம் கூடும். ஹைவேயில் சத்தம் கொஞ்சம் அதிகம்; மலையில் அதைக் கவனிக்க நேரமிருக்காது.

சூட்டைக் கட்டுப்படுத்தும் வேலையைப் பின்போடக்கூடாது. டாஷ்போர்டிலுள்ள வெப்ப முள்ளை நம்பாதீர்கள். என்ஜின் சூடாகிய பின் நடுவில் போய் நிற்கும் முள், நிலைமை கைமீறிய பிறகுதான் நகரும். முதல் மொடல்களில் ஒயில் பிரஷர் முள்ளும் அப்படித்தான். அது சுவிட்ச், கேஜ் அல்ல. வண்டியின் கணினியோடு இணைக்கும் ஓபிடி வழியாக உண்மையான வெப்பநிலையைக் காட்டும் ஒரு சின்னத் திரை பூட்டினால் போதும். தண்ணீர் 105 பாகையைத் தொட்டால் காலை எடுக்க வேண்டும். உயரத்தில் கொதிநிலையும் சில பாகை குறைவதால் ரேடியேட்டர் மூடி தளர்ந்திருந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது நுவரெலியாதான். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டிகளும் கூலன்ட் போத்தலும் வயதானால் வெடிக்கும். கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் பாவித்த ரேடியேட்டர் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குவது, ஒரு கிழவனைக் கழற்றி இன்னொரு கிழவனைப் பூட்டுவதுதான். முழு அலுமினியத்தில் புதிதாகப் போடுங்கள். முன் பம்பருக்குள் இருக்கும் ஒயில் கூலர்களில் சேறும் இலையும் அடைத்துக்கொள்ளும். மழைக்காலம் முடிந்ததும் பம்பரைக் கழற்றிக் கழுவ வேண்டும்.

இந்த என்ஜின் ஒயில் குடிப்பது கோளாறு அல்ல, சீல்களை நனைக்கத் தானே எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு முறை பெற்றோல் அடிக்கும்போதும் டிப்ஸ்டிக் பாருங்கள். அதோடு ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 5 மில்லிலீற்றர் வீதம் நல்ல டூ-ஸ்ட்ரோக் ஒயில் கலப்பது பலன் தருகிறது. முழுத் தாங்கிக்கு 300 மில்லி அளவு. 95 ஒக்டேனே போடுங்கள். ஒவ்வொரு ரோட்டருக்கும் இரண்டு பிளக்: கீழே இருப்பது முதலில் பொறி விடும் லீடிங், மேலே இருப்பது அடுத்து விடும் ட்ரெய்லிங். என்ஜிகே நிறுவனப் பிளக்கில் முறையே ஆர்இ7சி-எல், ஆர்இ9பி-டி. இடம் மாறக்கூடாது. கொயில் நாலையும் வயரோடு ஒரே தடவையில் மாற்ற வேண்டும். ஒன்று பலவீனமானால் எரியாத பெற்றோல், புகையைச் சுத்திகரிக்கும் கட்டலிட்டிக் கன்வேர்ட்டரில் போய் எரிந்து அதை உருக்கும். அது அடைத்தால் சூடு திரும்ப என்ஜினுக்கே வரும். இந்த ஊரில் செத்த ரோட்டரிகளில் பலவற்றின் கதை இதுதான்.

இன்னொன்று: குளிர்காலையில் ஸ்டார்ட் செய்து, வண்டியை இரண்டடி நகர்த்தி, உடனே நிறுத்தக்கூடாது. பிளக் நனைந்துவிடும். நனைந்தால் அக்சிலரேட்டரை அடியோடு மிதித்தபடி கிராங்க் செய்யுங்கள். அப்போது பெற்றோல் நிற்கும், காற்று மட்டும் போய் உலர்த்தும்.

இனி பிரேக். சமதரைக்காரர்களுக்கு இது விளங்குவது கஷ்டம். நுவரெலியாவிலிருந்து ரம்பொடை வழியாகக் கம்பளைக்கு ஏறத்தாழ 1400 மீற்றர் இறக்கம். 1400 கிலோ வண்டி அவ்வளவு இறங்கும்போது விடும் சக்தி 19 மெகாஜூல். 100 கிலோமீற்றர் வேகத்திலிருந்து முப்பத்தைந்து தடவை முழுதாக நிறுத்துவதற்குச் சமம். டயரும் காற்றும் பாதியைத் தின்றாலும் மிச்சம் டிஸ்க்கில்தான் விழும். பிஸ்டன் வண்டியென்றால் கியரைக் குறைத்து என்ஜினை வைத்துப் பிடிக்கலாம். ரோட்டரியில் அந்தப் பிடி மிகக் குறைவு. இரண்டாம் கியரில் விட்டாலும் வண்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியில் பிரேக் விட்ட வாகனங்களின் கதை எல்லாருக்கும் தெரியும்; அங்கே இந்த வண்டியின் குணத்தைச் சோதிக்கப் போகாதீர்கள்.

முன்னால் 323 மில்லிமீற்றர் டிஸ்க் போதும். பெரிய கலிப்பர் கிட் தேவையில்லை. மாற்ற வேண்டியவை மூன்று: பிரேக் ஒயில், பாட், ரப்பர் ஹோஸ். டொட் 3 ஒயிலின் கொதிநிலை உலர்ந்த நிலையில் குறைந்தது 205 பாகை, ஈரம் குடித்த பிறகு 140. டொட் 5.1இல் அது 260, 180. மலைநாட்டு ஈரப்பதத்தில் எந்த ஒயிலும் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கக்கூடாது. இறக்கத்தில் பெடல் பஞ்சாகி அடிக்குப் போனால் ஒயில் கொதித்துவிட்டது. பெடல் கெட்டியாகவே இருந்து வண்டி நிற்காவிட்டால் பாட் சூடேறி வழுக்குகிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டு டிஸ்க்கை மாற்றுபவர்கள் உண்டு. பாட் தெரிவில், முழு ரேஸ் பாட் வேண்டாம். காலை 10 பாகைக் குளிரில், மழையில், முதல் வளைவில் அது பிடிக்கவே பிடிக்காது. குளிரிலேயே பிடிக்கும், 500 பாகை அளவுக்குத் தாங்கும் வீதிப் பாட்தான் பொருத்தம். புதிதாகப் போட்டதும் 60இலிருந்து 10க்குப் பத்துத் தடவை, முழுதாக நிறுத்தாமல் குறைத்து, பிறகு ஆறவிடுங்கள்.

வீல் 18 அங்குலத்திலிருந்து 17க்கு இறங்கியதுதான் குறைந்த காசில் கிடைத்த பெரிய மாற்றம். 225/45 ஆர்18க்குப் பதில் 225/50 ஆர்17. வெளிவிட்டம் ஏறத்தாழ அதேதான், ஆனால் டயரின் பக்கச்சுவர் உயரம். குழியில் விழுந்தாலும் ரிம் தப்பும். வாங்குமுன் வீலின் உட்புறம் முன் கலிப்பரில் முட்டாமல் இருக்கிறதா என்று பூட்டிப் பார்க்க வேண்டும். எல்லா 17உம் ஏறாது. டயரில், வெட்டுக் குறைந்த அரை ஸ்லிக் வகை மாகஸ்தோட்டைக்கு வெயில் நாளில் அருமை. மே தொடங்கி ஹட்டன் பக்கம் மழை பிடித்தால் அதே டயர் தண்ணீரில் மிதக்கும். இரண்டு செட் வைத்திருப்பதே வழி. காற்று 32 பிஎஸ்ஐ. நுவரெலியாக் குளிரில் அடித்துக் கம்பளைக்கு இறங்கினால் வெயில் 3 பிஎஸ்ஐ கூட்டும், வெளிக்காற்றின் அழுத்தம் கூடுவதால் கேஜில் 2 குறையும். மேலே அடித்ததைக் கீழே இறங்கியதும் திருத்தத் தேவையில்லை.

ஷொக்கில் முன் 6, பின் 5 கிலோ/மில்லிமீற்றர் ஸ்பிரிங்குக்கு மேல் போகாதீர்கள். 10 போட்ட வண்டி மேட்டில் துள்ளி, டயர் தரையை விட்டுக் கிளம்பி, கான் பக்கம் இழுக்கும். தாழ்த்துவதும் 15 மில்லிமீற்றரோடு நிற்கட்டும். அலைன்மென்ட்: முன் கேம்பர் (சக்கரத்தின் பக்கச் சாய்வு) கழித்தல் 2 பாகை, டோ (சக்கரத்தின் முன்பக்கம் உள்ளே அல்லது வெளியே திரும்பும் அளவு) பூச்சியம், பின் கழித்தல் 1.5, டோ ஒரு மில்லிமீற்றர் உள்ளே. பின் டோ வெளியே போனால் ஈர வீதியில் வால் ஆட்டும்.

எடை குறைப்பில் நிதானம் தேவை. பின் ஆசனத்தைக் கழற்றலாம்; கனமான சைலன்சரையும் முன் ஆசனங்களையும் இலேசானவையாக மாற்றலாம். ஏசி இருக்கட்டும், ஹீட்டரும் இருக்கட்டும். லபுக்கலையில் புகார் இறங்கும்போது கண்ணாடியின் உள்ளே படியும் ஈரத்தை உலர்த்துவது ஏசிதான். அதைக் கழற்றிய வண்டியில் ஒரு கையில் துணியோடு ஓட்ட வேண்டிவரும். ரோல் கேஜ் (உள்ளே பூட்டும் இரும்புக் கூடு) போட்ட வண்டியை ஹெல்மெட் இல்லாமல் வீதியில் ஓட்டாதீர்கள். சின்ன மோதலிலும் தலை இரும்பில் படும். பின்புறம் பூட்டும் போல்ட்-இன் ஹாஃப் கேஜ், அதுவும் தலைக்கு எட்டாத தூரத்தில் என்றால் சரி. தொழிற்சாலை சீட் பெல்ட்டை எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள். நாலு முனை ஹார்னஸ் (ரேஸ் பெல்ட்) மாட்டினால் சந்தியில் எட்டிப்பார்க்க முடியாது, கொழுந்து லொறி வருவதும் தெரியாது.

கட்டலிட்டிக் கன்வேர்ட்டரை எடுத்துவிட்டு நேர்க்குழாய் போட்டால் வருடாந்தப் புகைப் பரிசோதனையில் ஹைட்ரோகார்பன் கூடித் தோற்கும்; சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் கிடையாது. துளைகள் பெரிதான 200 செல் ஸ்போர்ட்ஸ் கன்வேர்ட்டர் போடலாம். சத்தத்தைப் பொறுத்தவரை, லயத்துக்குப் பக்கத்தால் இரவில் போகும் வீதி என்பதை நினைவில் வையுங்கள்.

பெற்றோல் லீற்றருக்கு 5 முதல் 7 கிலோமீற்றர், மிதிப்பைப் பொறுத்து. தாங்கி கால்வாசிக்குக் கீழே இறங்கினால் நீண்ட வளைவில் பெற்றோல் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை இழுக்கும்; என்ஜின் ஒரு கணம் விக்கும். போட்டி நாளில் எடையைக் குறைக்கத் தாங்கியை வெறுமையாக்குபவர்கள் இதனால்தான் வளைவின் நடுவில் வேகத்தை விடுகிறார்கள். அரைத் தாங்கியோடு ஏறுங்கள்.