மைக்ரோஃபிலிமா, ஸ்கேனா: நகராட்சியின் பழைய பதிவேடுகளுக்கு எது?

தீர்மானப் புத்தகம், வரிப் பதிவேடு போன்றவை நெடுங்காலம் நிலைக்க மைக்ரோஃபிலிம்தான் (பக்கங்களை மிகச் சிறிதாக்கிப் படம்பிடித்த ஃபிலிம் சுருள்) என் தேர்வு. பாலியெஸ்டரில் அமைந்த வெள்ளி ஜெலட்டின் ஃபிலிமைக் குளிர்ந்த, உலர்ந்த அறையில் வைத்தால் சுமார் 500 ஆண்டுகள் தாங்கும் என்பது கணிப்பு. படிக்க லென்ஸும் வெளிச்சமும் போதும். (பழைய அசிடேட் ஃபிலிம் வேறு கதை, வினிகர் வாடை அடித்தால் அது சிதையத் தொடங்கிவிட்டது, உடனே நகலெடுங்கள்.) ஆனால் தேடுவது கொடுமை: ஒரு தெருப் பெயருக்காகச் சுருள் முழுவதையும் ஓட்ட வேண்டியிருக்கும்.

ஸ்கேன் அங்கேதான் ஜெயிக்கிறது. வண்ண வரைபடங்களுக்கும் அதுவே சரி. ஆனால் பிரதிகளை வெவ்வேறு இடங்களில் வைத்து, செக்சம் (கோப்பு மாறாமல் இருக்கிறதா என்று காட்டும் எண்) சரிபார்த்து, கோப்பு வடிவம் பழசானால் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், செலவு ஓயாது. அப்புறம், துறை, ஆண்டு, பொருள் என்று முதலில் பட்டியலிடாவிட்டால் ஸ்கேனிலும் எதுவும் அகப்படாது. பழைய கையெழுத்தைப் படிப்பதில் ஓசிஆர் (படத்திலுள்ள எழுத்தைத் தேடக்கூடிய உரையாக மாற்றும் மென்பொருள்) இன்னும் தடுமாறுகிறது.