ரிமோட் டெஸ்க்டாப் தொல்லையைத் தீர்த்த ஐந்து ரோடு சர்வீஸ் கடை

ஏற்காட்டு வீட்டிலிருந்தே ரிமோட் டெஸ்க்டாப் (தூரத்திலிருந்து இன்னொரு கம்ப்யூட்டரை இயக்கும் வசதி) வழியாக சேலம் செவ்வாய்ப்பேட்டை ஆபீஸ் கம்ப்யூட்டரில் டேலி கணக்கு பார்க்கிறோம், காலையில் கிடைக்கும் இணைப்பு மதியம் கிடைக்காது. முன்பு வந்த ஒருவர் ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான வாசலான 3389 போர்ட்டை அப்படியே இன்டர்நெட்டுக்குத் திறந்துவிட்டுப் போயிருந்தார். ஐந்து ரோடு பக்கமுள்ள சின்னக் கடையிலிருந்து வந்த தம்பி முதலில் அதைத்தான் மூடினார். பாஸ்வேர்டை ஊகித்து ரேன்சம்வேர் கும்பல் (ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்பவர்கள்) நுழைகிற வழி அது என்று விளக்கி, அதற்குப் பதில் விபிஎன் (பாதுகாப்பான தனி இணைப்பு வழி) போட்டுக் கொடுத்தார். ரொம்ப நிம்மதி.

அப்புறம்தான் இணைப்புக் கோளாறு. சும்மா இருக்கும் கம்ப்யூட்டர் ஸ்லீப்புக்குப் போய்விடுகிறது, அதை நிறுத்தினார். கரண்ட் போய் வந்தால் ரவுட்டர் அந்தக் கம்ப்யூட்டருக்கு வேறு ஐபி (நெட்வொர்க் முகவரி எண்) கொடுத்துவிடும், ஏற்காட்டிலிருந்து வரும் இணைப்பு பழைய ஐபியில் போய் முட்டிக்கொண்டு நிற்கும், அதனால் அந்த மெஷினுக்கென்று ஒரே ஐபியை ரவுட்டரில் ஒதுக்கி வைத்தார். இன்னொரு கம்ப்யூட்டரில் இருப்பது விண்டோஸ் ஹோம். ரிமோட் டெஸ்க்டாப்பில் அதிலிருந்து வெளியே இணையலாம், வெளியிலிருந்து அதற்குள் வர முடியாது, விண்டோஸ் ப்ரோ வாங்கித்தான் ஆகணும் என்று நேராகச் சொன்னார், கிராக் (திருட்டு வெர்ஷன்) பேச்சே எடுக்கவில்லை. அந்த நேர்மைதான் எனக்குப் பிடித்தது.

சனிக்கிழமை மாலையில் போன் எடுப்பதில்லை, அது குறைதான். ஆபீஸ் கம்ப்யூட்டருக்குத் தயங்காமல் கூப்பிடலாம்.