கரக் ஜமீத் உருண்டையா, அட்டைப்பெட்டி ஜமீதா? மன்சஃப் சமைப்பவர்களுக்கு ஒரு மதிப்பீடு

மன்சஃப் ருசிப்பதும் சொதப்புவதும் ஆட்டிறைச்சியைவிட, அதன் குழம்புக்கு உதவும் ஜமீத் என்னும் மோர்க்கட்டியின் கையில்தான் இருக்கிறது. அரிசி, ஆட்டிறைச்சி, புளிப்புக் குழம்பு சேர்ந்த மன்சஃப் ஜோர்தானின் தேசிய உணவு; 2022-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. அங்கே கல்யாணமோ துக்கமோ, பெரிய தட்டு நிறைய மன்சஃப் வராமல் முடியாது. அதன் புளிப்புக் குழம்புக்கு இரண்டு வகை ஜமீத் கிடைக்கிறது: கல்போல் காய்ந்த உருண்டை, பெட்டியில் வரும் திரவம்.

உருண்டைகளில் ஜோர்தானின் கரக் பகுதியில் செய்வதற்கே மதிப்பு அதிகம். செம்மறி அல்லது வெள்ளாட்டுப் பாலைத் தயிராக்கிக் கடைந்து, வெண்ணெயை எடுத்துவிட்டு, மிஞ்சிய மோரைச் சூடாக்கித் திரளவைக்கிறார்கள். அதைத் துணியில் வடித்து, உப்புச் சேர்த்துப் பிசைந்து, உருட்டிக் காயவைத்தால் ஜமீத். வெண்ணெய் முழுதாக எடுபட்டிருக்க வேண்டும். கொழுப்பு தங்கினால் நாள்பட நாள்பட சிக்கு வாடை ஏறும். அதனால் வாங்கும்போது நகத்தால் சுரண்டி முகர்ந்து பாருங்கள். சுண்ணாம்புபோல் வெள்ளைத் தூள் உதிர்ந்து, புளிப்பு மணம் மட்டும் வந்தால் நல்லது. மஞ்சள் திட்டும் பழைய எண்ணெய் வாடையும் இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். எத்தனை மசாலா போட்டாலும் அந்த வாடை போகாது.

எலும்புடன் 2 கிலோ ஆட்டிறைச்சிக்கு அரை கிலோ உருண்டை சரியான அளவு. ஆறிலிருந்து எட்டுப் பேர் சாப்பிடலாம். உருண்டையைத் துணியில் சுற்றிச் சுத்தியலால் உடைத்து, வெதுவெதுப்பான நீரில் குறைந்தது 12 மணி நேரம் ஊறவையுங்கள். பாதி ஊறியதை மிக்சியில் போட்டால் பிளேடுக்குத்தான் கேடு. குழம்பிலும் மணல்போல் நறநறக்கும். உப்பு தூக்கலாக இருந்தால் முதல் ஊறல் நீரைக் கொட்டிவிடலாம். ஊறியதை 2 லிட்டர் நீரோடு அரைத்து வடிகட்டினால் மோரைவிடச் சற்றுக் கெட்டியாக இருக்கும்.

இறைச்சியை முஷ்டி அளவுத் துண்டுகளாக்கிக் குளிர்ந்த நீரில் போட்டுக் கொதிக்கவிட்டு, நுரை பொங்கியதும் அந்த நீரைக் கொட்டுங்கள். இல்லையென்றால் வெண்மையான குழம்பு சாம்பல் நிறமாகிவிடும். புது நீரில் வெங்காயம், ஏலக்காய், பிரிஞ்சி இலையோடு ஒரு மணி நேரம் வேகட்டும். உப்பு மட்டும் இப்போது போடவே கூடாது; ஜமீதில் இருப்பதே போதும், குறைந்தால் கடைசியில் சேர்க்கலாம். ஜமீத் கரைசலை வேறு பாத்திரத்தில் ஊற்றி, முதல் கொதி வரும்வரை கரண்டியை நிறுத்தாமல் கிளறுங்கள். ஜமீதின் புரதம் செய்யும்போதே சூட்டில் திரண்டுவிட்டதால் புதுத் தயிர்போல் லேசில் திரிவதில்லை. ஆனால் துகள்கள் அடியில் படிந்து தீய்ந்துவிடும். கொதி வந்ததும் தீயைக் குறைத்து, இறைச்சியைப் போட்டு, மூடாமல் இன்னொரு மணி நேரம் விடுங்கள். கெட்டிப்பட்டால் இறைச்சி வெந்த சாற்றை ஊற்றித் தளர்த்தலாம். எலும்பிலிருந்து சதை தானாகக் கழல வேண்டும்.

உருண்டையின் அருமை இந்த ஒரு மணி நேரத்தில்தான் தெரிகிறது. புளிப்பு சதைக்குள் இறங்குகிறது, ஆட்டுப்பாலின் மணம் குழம்பில் நிற்கிறது.

அட்டைப்பெட்டி ஜமீதுக்கு ஊறலும் உடைப்பும் இல்லை. பல தயாரிப்புகளில் பசும்பாலும் மாவுப் பொருளும் சேர்ந்திருக்கும், எனவே லேபிளைப் படித்து வாங்குங்கள். மாவு உள்ளது நெடுநேரம் கொதித்தால் கஞ்சியாகிவிடும். ஆகவே இறைச்சியை முழுதாக வேகவைத்துவிட்டுக் கடைசி 20 நிமிடம் மட்டும் இதில் போட வேண்டும். 1 கிலோ பெட்டிக்குச் சுமார் 1 லிட்டர் இறைச்சிச் சாறு கலக்கலாம். புளிப்பு மென்மையாக வரும். குழந்தைகள் இதையே விரும்பக்கூடும். அவசரத்துக்குக் குறை சொல்ல ஏதுமில்லை. விருந்துக்கு உருண்டைதான்.

இரண்டும் கிடைக்காதபோது 1 கிலோ கெட்டித் தயிரில் ஒரு முட்டையின் வெள்ளைக்கருவும் ஒரு மேசைக்கரண்டி சோளமாவும் அடித்துக் கலக்கி, ஒரே திசையில் கிளறிக் காய்ச்சலாம். திரியாது. ஆனால் அது தயிர்க் குழம்பு, மன்சஃப் என்று சொல்ல மனம் வராது.

அரிசி நீளமில்லாத நடுத்தர ரகமாக இருக்கட்டும். கையால் உருட்டிச் சாப்பிடுவதற்கு பாஸ்மதி ஒட்டாது. 1 கிலோ அரிசியை அரை மணி ஊறவைத்து, சம்னே என்னும் நெய்யில் புரட்டி, விரும்பினால் அரைத் தேக்கரண்டி மஞ்சள் சேர்த்து, ஒரு கப்புக்கு ஒன்றரைக் கப் நீர் வைத்தால் போதும். தட்டில் மெல்லிய ஷராக் ரொட்டியைக் கிழித்துப் பரப்பிக் குழம்பு தெளியுங்கள், மேலே அரிசி, அதன்மேல் இறைச்சி. பாதாமையும் பைன் பருப்பையும் தனித்தனியே வறுக்க வேண்டும், பைன் பருப்பு முந்திக் கருகும். மீதிக் குழம்பு சூடாகப் பக்கத்திலேயே இருக்கட்டும்; அரிசி அதை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் சாப்பிடச் சாப்பிட ஊற்ற வேண்டியிருக்கும்.

ஈரம் படாத உருண்டை மாதக்கணக்கில் கெடாது. காற்றுப்புகாத டப்பாவைவிடத் துணிப்பை நல்லது. அரைத்துவிட்டால் ஃபிரிட்ஜில் மூன்று நாள். அதற்குமேல் தேவையென்றால் ஃபிரீசரில் உறையவைத்து, பயன்படுத்தும்போது மறுபடி ஒருமுறை அரைத்துக்கொள்ளுங்கள்.