"மூலை பார்த்தாச்சு சார்" என்றால் டேப்பைக் கையில் வாங்குங்கள்

30க்கு 40 அடி வீடு. டைல்ஸ் ஒட்ட வந்தவர் நூல் பிடித்தபோதுதான் குட்டு உடைந்தது. பெட்ரூமின் 10 அடிச் சுவரோரம் கடைசி வரிசை டைல்ஸ் ஒரு முனையில் 6 அங்குலம், மறுமுனையில் 4. கைப்பிடிச்சுவர் எழும்பாத மொட்டை மாடியில் குறுக்களவு (மூலைக்கு எதிர்மூலை தூரம்) பிடித்தால் ஒன்று 50 அடி 5 அங்குலம், மற்றது 49 அடி 7 அங்குலம். இரண்டும் 50 அடி வந்திருக்க வேண்டும்.

கான்ட்ராக்டரின் பதில்: "மனையே கோணல் சார்." மனை கோணல் என்றால் வீட்டைச் சுற்றி விடுகிற இடம் கோணலாகட்டும், அறை ஏன் ஆக வேண்டும்? பூச்சைத் தடிமனாக்கி நேராக்கித் தருகிறேன், அதற்குத் தனி ரேட் என்றும் கேட்டார். செங்கல் சுவரில் அரை அங்குலம் போதும் என்கிற இடத்தில் 2 அங்குலம் ஏற்றினால் பூச்சு பிடிப்பு விட்டுவிடும்.

கோளாறு மார்க்கிங் அன்றே, அதாவது குழி தோண்டும் முன் தரையில் வீட்டின் அளவைக் குறித்த அன்றே நடந்தது. ஒரு மூலையில் மட்டும் 3, 4, 5 அடி (ஒரு பக்கம் 3, மறுபக்கம் 4 அடியில் குறித்து, குறுக்கே 5 வந்தால் மூலை செங்கோணம்) வைத்துப் பார்த்துவிட்டு, அந்த நூலையே கடைசி வரை இழுத்திருக்கிறார்கள். அந்த 5 அடியில் அரை அங்குலம் பிசகினால் 30 அடி தூரத்தில் 6¼ அங்குலம் விலகிவிடும். அதே பிசகு 12, 16, 20 அடியில் நேர்ந்தால் விலகல் ஒன்றரை அங்குலம்தான். முக்கோணம் பெரிதாக இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

ஆனாலும் முடிவான சோதனை குறுக்களவு. முதலில் எதிரெதிர்ப் பக்கங்கள் சமமா என்று பாருங்கள். முன்பக்கம் 30, பின்பக்கம் 29½ இருந்தாலும் குறுக்களவு இரண்டும் ஒத்துப்போய் ஏமாற்றும். ஸ்டீல் டேப் ஒன்றையே எல்லாவற்றுக்கும் பயன்படுத்துங்கள். துணி டேப் இழுத்தால் நீளும். நுனி வளையத்தை நம்பாமல் 1 அடிக் கோட்டிலிருந்து பிடித்து, அந்த ஓரடியைக் கழியுங்கள் (மறந்துபோகிறவர்கள் நிறைய!). தரை சரிவாக இருந்தால் டேப்பை மட்டமாகத் தூக்கிப் பிடித்து, தூக்குக்குண்டால் புள்ளியை இறக்குங்கள். வித்தியாசம் கால் அங்குலத்துக்குள் இருக்கட்டும். அரை அங்குலத்தைத் தாண்டினால் மூலையைக் குறித்த ஆணியை நகர்த்தச் சொல்லுங்கள், பூமி பூஜைக்கு நல்ல நேரம் போகிறது என்று அவசரப்படுத்தினாலும் சரி.

நூல் கட்டும் முளைகளை மூலையிலேயே அடித்தால் ஜேசிபி வாரிக்கொண்டு போய்விடும். குழிக்கு 3, 4 அடி வெளியே சின்ன செங்கல் திண்டு கட்டி, மேலே சிமெண்ட் பூசி ஆணி பதிக்க வேண்டும். குழியின் அடியில் கான்கிரீட் போட்ட பின், பில்லர் கம்பி நிறுத்தும் முன், பிளிந்த் பீம் (தரைமட்டத்தில் சுவரைத் தாங்கும் கான்கிரீட் உத்தரம்) பலகை அடித்ததும் மறுபடி நூல் கட்டி அளக்கச் சொல்லுங்கள். ஃபுட்டிங் (பில்லருக்கு அடியில் போடும் கான்கிரீட் பாதம்) இறுகிய பிறகு பிசகு தெரிந்து, "கம்பியை வளைத்து பில்லரை நகர்த்திக்கலாம்" என்றால் வேலையை நிறுத்திவிட்டு இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.