டிரெய்லர் கூரை ஒழுகினால்: ஒட்டு நாடாவா, பசையா?

வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகும் சக்கர வீடான டிராவல் டிரெய்லர் ஒன்றைப் புதிதாக வாங்கி வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்த மூன்றாவது வாரம் மிச்சிகனில் இரண்டு நாள் விடாத மழை. படுக்கைக்கு மேலே இருக்கும் அலமாரியின் மூலையில் சுவர்த்தாள் உப்பியிருந்தது. விரலால் அழுத்தினேன், பின்னால் இருந்த பலகை அமுங்கியது. மூன்று வாரத்தில் பலகை இவ்வளவு ஊறாது. விற்பனை வளாகத்தில் நின்ற காலத்திலேயே தண்ணீர் இறங்கியிருக்க வேண்டும்.

புது வண்டி எப்படி ஒழுகும் என்று கேட்காத உறவினர் இல்லை. அமெரிக்காவில் இந்த வண்டிகளில் பெரும்பாலானவை இண்டியானாவின் எல்கார்ட் வட்டாரத்தில் கட்டப்படுகின்றன. சட்டத்தின்மேல் மெல்லிய பலகை, அதன்மேல் ரப்பர் போன்ற ஒரு விரிப்பு, அதுதான் கூரை. அந்த விரிப்பில் காற்றுப்போக்கிக்கு, ஏசிக்கு, ஆன்டெனாவுக்கு என்று ஓட்டைகள் வெட்டி, சுற்றிலும் திருகாணி முடுக்கி, மேலே பசை பூசிவிடுகிறார்கள். பிறகு அந்த வீடு நெடுஞ்சாலையில் குலுங்கிக்கொண்டே ஓடுகிறது. ஒழுகாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

கூரையில் ஏறுவதற்கு முன் ஒரு சோதனை. வெயில் நாளில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர்ப் பம்பை மட்டும் போட்டுவையுங்கள். யாரும் தண்ணீர் திறக்காதபோதும் அது அடிக்கடி ஓடி ஓடி நின்றால், முதலில் உள்குழாய்களைப் பாருங்கள். பயணத்தில் தளர்ந்த பிளாஸ்டிக் மரையைக் கையால் இறுக்குவதோடு வேலை முடிந்துவிடவும் கூடும். என் பம்பு சத்தமே போடவில்லை. ஆக, மழைதான்.

இடத்தைக் கண்டுபிடிக்க இரண்டு வழி. தோட்டக் குழாயை மெதுவாகத் திறந்து, கீழிருந்து மேலாக ஒவ்வோர் இடமாக நனைத்துக்கொண்டு போக, உள்ளே ஒருவர் டார்ச் அடித்துப் பார்ப்பது முதல் வழி. செலவில்லை. ஆனால் ஊரில் ஓட்டு வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும்: சொட்டும் இடம் ஒன்று, ஓடு விரிசல் விட்ட இடம் வேறொன்று. நானும் மனைவியும் ஒரு சனிக்கிழமை முழுவதும் நனைத்தோம். அலமாரி நனைந்தது, காரணம் தெரியவில்லை. இரண்டாவது வழி காற்றழுத்தச் சோதனை. கூரைத் திறப்பில் ஊதுவிசிறியைப் பொருத்தி, வண்டிக்குள் காற்றை ஏற்றி, வெளியே சோப்புத் தண்ணீர் தெளிக்கிறார்கள். பழுதுபார்ப்பவருக்குக் கூலி உண்டு. எனக்கு அது தண்டமாகத் தெரியவில்லை. அலமாரியிலிருந்து நான்கடி தள்ளி, காற்றுப்போக்கியின் ஓரத்தில், ஒரு திருகாணித் தலையைச் சுற்றிச் சின்னச் சின்னக் குமிழிகள் கொப்பளித்தன. அங்கே பசையில் இருந்தது குண்டூசி நுழையும் அளவுத் துளை.

அதை எதை வைத்து அடைப்பது? சிலிக்கோனை முதலிலேயே தள்ளிவிடலாம். காய்ந்த சிலிக்கோன்மேல் வேறெதுவும் சரியாகப் பிடிக்காது, புதுச் சிலிக்கோன் உட்பட. மிஞ்சுவது இரண்டு: எடர்னாபாண்ட் போன்ற அகல ஒட்டு நாடா, டைகார் போன்ற, ஊற்றினால் தானே பரவிச் சமமாகும் பசை.

நாடாவின் பலம் பிடிமானம். சுத்தமான பரப்பில் வைத்து உருளையால் அழுத்திவிட்டால் தோலைப் போல ஒட்டிக்கொள்ளும். கூரையின் நீண்ட இணைப்புகளுக்கும், மரக்கிளை கிழித்த இடத்துக்கும் அதற்கு இணையில்லை. பலர் ஒரேயடியாக எல்லாவற்றின்மேலும் நாடா ஒட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள்.

நான் பசையின் பக்கம். காரணம் ஒன்றுதான்: அடுத்த முறை. இந்த வண்டிக் கூரையை ஒருமுறை அடைத்துவிட்டு மறந்துவிட முடியாது. வருடத்துக்கு இரண்டு முறையாவது ஏறிப் பார்த்தாக வேண்டும், சில கையேடுகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்கின்றன. பசையில் விரிசல் கண்ணுக்குத் தெரியும். துடைத்துவிட்டு அதன்மேலேயே அதே பசையை ஊற்றலாம், பழையதைச் சுரண்ட வேண்டியதில்லை. நாடாவின் ஓரம் தூக்கிக்கொண்டால் தண்ணீர் அடியில் புகுந்து அங்கேயே தங்கும், மேலே ஒன்றும் தெரியாது. காற்றுப்போக்கியின் பிளாஸ்டிக் என்றாவது உடையும், மாற்ற வேண்டிவரும். பசையைச் சூடுகாட்டி, பிளாஸ்டிக் சுரண்டியால் பொறுமையாக எடுத்துவிடலாம். நாடாவை உரித்தால் கூரை விரிப்பும் கூடவே வந்துவிடக்கூடும்.

பசையிலும் கவனம் வேண்டும். தானே பரவும் வகை தட்டையான கூரைக்கு மட்டும்தான். பக்கச் சுவரில் போட்டால் வழிந்து இறங்கும்; அங்கே வழியாத வகை. விரிப்பு ஈபிடிஎம் என்ற ரப்பரா, டிபிஓ, பிவிசி என்ற பிளாஸ்டிக் வகைகளா என்று பார்த்து அதற்குப் பொருந்துவதை வாங்குங்கள். ஈபிடிஎம் கூரையைப் பெட்ரோலியக் கரைப்பானால் துடைத்தால் ரப்பர் உப்பிவிடும். ஜன்னல் சட்டமோ ஓர விளக்கோ ஒழுகினால், கழற்றி அடியிலுள்ள, பிசுபிசுப்பான ரப்பரால் ஆன பியூட்டைல் நாடாவைப் புதிதாக வைப்பதுதான் முறை. மேலே பூசி மெழுகினால் கொஞ்ச நாள்தான் தாங்கும்.

உத்தரவாதம் இருக்கும்போது நீங்களே கை வைக்க வேண்டாம் என்பார்கள். எனக்குப் பழுதுபார்க்க ஆறு வாரம் தள்ளி நாள் கொடுத்தார்கள். அதுவரை தார்ப்பாய் போட்டு மூடினேன். எல்லாவற்றையும் படமெடுத்து, தற்காலிகமாக அடைத்துக்கொள்ளலாமா என்று எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வந்த பிறகே பசைக் குழாயைத் திறந்தேன். ஊறிய பலகையை உத்தரவாதத்திலேயே மாற்றிக் கொடுத்தார்கள்.

என் அனுபவம் இரண்டு மிச்சிகன் பனிக்காலம்தான். வருடம் முழுவதும் அரிசோனா வெயிலில் வண்டியை நிறுத்துகிறவர்களுக்கும், கண்ணாடியிழைக் கூரை வைத்திருப்பவர்களுக்கும் இந்தத் தீர்ப்பு அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன்.

போன ஏப்ரலில் ஏறிப் பார்த்தபோது ஏசியின் ஓரத்தில் மயிரிழை விரிசல். கால் குழாய்ப் பசை, பத்து நிமிடம். அன்றைக்கு வாங்கிய நாடாச் சுருள் படுக்கைக்கு அடியில் பிரிக்காமல் கிடக்கிறது, வழியில் ஏதாவது கிளை கூரையைக் கிழித்தால் எடுக்கலாம் என்று.