நண்பரோடு சேர்ந்து கிறிஸ்தவ நாவல்: அத்தியாயம் மாற்றியா, ஒருவர் எழுத ஒருவர் திருத்தியா, ஆளுக்கொரு பாத்திரமாகப் பிரித்தா?

வேலூர் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைக்காரரும் ஆம்பூர் லுத்தரன் நண்பரும், அல்லது கத்தோலிக்கர் ஒருவரும் பெந்தெகொஸ்தே நண்பரும் சேர்ந்து நாவல் எழுதுவதென்று முடிவானதும் கதையைப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். எழுதும் முறையைப் பேச மறந்துவிடுவார்கள். இருப்பது மூன்று முறைகள்தான். ஒரே மேசையில் உட்கார்ந்து வரிவரியாக எழுதுவது என்று நாலாவது ஒன்றும் உண்டு. ஒரு சண்டைக் காட்சிக்கு நன்றாக வரும், ஐம்பதாயிரம் வார்த்தைக்குத் தாங்காது.

எது பொருந்தும் என்று தெரிய, இருவரும் எதில் வேறுபடுகிறீர்கள் என்று பாருங்கள்: வேகத்திலா, பேச்சுத்தமிழிலா, சபையிலா?

அத்தியாயம் மாற்றி மாற்றி எழுதுவதுதான் எல்லாருக்கும் முதலில் பிடிக்கும். 24 அத்தியாயம், ஒவ்வொன்றும் 2,000 வார்த்தை, ஆளுக்குப் பன்னிரண்டு. மொத்தம் 48,000 வார்த்தை. பக்கத்துக்கு 200 வார்த்தை என்றால் 240 பக்கம். கணக்கு அழகாக இருக்கிறது, கதைதான் கெடும். ஒவ்வொருவரும் தன் அத்தியாயத்தை ஒரு திருப்பத்தில் முடித்து, அவிழ்க்கும் வேலையை அடுத்தவர் தலையில் கட்டுவார். ஆறாவது அத்தியாயத்துக்குள் ஒரு விபத்து, ஒரு காணாமற்போன கடிதம், ஒரு திடீர் மனமாற்றம் என்று சேர்ந்துவிடும்.

பேச்சும் பிசகும். குடியாத்தத்துக்காரர் எழுதினால் அப்பா "இன்னா நைனா, எங்க போய்க்கினு கீற?" என்பார். அடுத்த அத்தியாயத்தை வேலைக்காக வேலூர் வந்து தங்கிய திருநெல்வேலி நண்பர் எழுதினால் அதே அப்பா "என்னல, எங்க போற?" என்பார். வாசகர் இதைப் பத்துப் பக்கத்தில் பிடித்துவிடுவார்.

இன்னும் மோசம் காலப்பிழை. 1910இல் ஒரு பெண் வேலூர் மருத்துவப் பள்ளியில் படிப்பதாக ஒருவர் எழுதுவார்; மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் அந்தப் பள்ளியைத் தொடங்கியதே 1918இல், அதுவும் பெண்களுக்கு மட்டும். ஆண்கள் சேர்ந்தது 1947இல். 1930இல் "சி.எஸ்.ஐ. கோவில்" என்று இன்னொருவர் எழுதுவார், அந்தத் திருச்சபை உருவானது 1947 செப்டம்பர் 27. 1960இல் வாழும் பாட்டி கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து செய்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பிலிருந்து வசனம் சொல்ல முடியாது, அது 1995இல்தான் வந்தது. தபால் முகவரியில் வட ஆற்காடு மாவட்டம் 1989இல் இரண்டாகப் பிரிந்ததையும், 2019இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டமானதையும் கவனிக்க வேண்டும். இந்த முறையை விடவே மாட்டோம் என்றால், முதல் வரிக்கு முன் நான்கு பக்கக் குறிப்பு ஒன்று தயாராகட்டும்: ஒவ்வொரு பாத்திரத்தின் பிறந்த ஆண்டு, சபை, யாரை யார் "நீ" என்பது, யாரை "நீங்க" என்பது, எந்த வேதாகமத்தைப் படிப்பவர்.

ஒருவர் வேகமானவர், இன்னொருவர் நிதானமானவர் என்றால் இரண்டாவது முறை: ஒருவர் எழுத, மற்றவர் திருத்துவது. நடை ஒன்றாக இருக்கும், வேலையும் சீக்கிரம் முடியும். மொத்தமாக முடித்துக் கொடுக்காதீர்கள். மூன்று மூன்று அத்தியாயமாகக் கைமாற வேண்டும். இல்லாவிட்டால் ஐந்தில் நுழைந்த கோளாறு இருபது வரை வேர்விட்டுவிடும். திருத்துபவர் ஓரத்தில் "இது சரியில்லை" என்று குறிப்பு எழுதிக்கொண்டிருந்தால் எழுதியவர் மனம் நோகும். பத்தியையே மாற்றி எழுதிக் காட்டுவதுதான் திருத்தம். இந்த முறையில் திருத்துபவருக்கு ஒரு முக்கியப் பொறுப்பு உண்டு: பிரசங்கத்தை வெட்டுவது. போதகர் வாயைத் திறந்தால் 150 வார்த்தைக்குமேல் போகக் கூடாது. ஒரு காட்சிக்கு ஒரு வசனம் போதும், அதையும் பாத்திரம் தவறாகப் புரிந்துகொண்டால் கதைக்கு நல்லது. எழுதியவருக்கே தன் பிரசங்கம் கண்ணில் படாது.

சபை வேறென்றால் எங்கள் ஓட்டு மூன்றாவதுக்கு: ஆளைப் பிரித்துக்கொள்வது. ஆளுக்கொரு முக்கியப் பாத்திரம். அந்தப் பாத்திரத்தின் பார்வையில் வரும் அத்தியாயமெல்லாம் அவருடையது. முன்னே தொல்லையாக இருந்த வேறுபாடே இங்கே சரக்காகிவிடும். ஒருவர் வீட்டில் கர்த்தர், பரிசுத்த ஆவி, ஞானஸ்நானம், லெந்து காலம். மற்றவர் வீட்டில் ஆண்டவர், தூய ஆவி, திருமுழுக்கு, தவக்காலம். கத்தோலிக்கப் பாட்டிக்குப் பேதுரு இராயப்பர், பவுல் சின்னப்பர். ஆராதனை நடத்துபவரை ஒரு வீட்டில் ஐயர் என்பார்கள், இன்னொன்றில் பாஸ்டர், வேறொன்றில் சாமியார். பார்வை பாத்திரத்தோடு ஒட்டியிருந்தால் கதை சொல்லும் குரலும் அந்த வீட்டுச் சொல்லையே பேசலாம். எல்லாம் தெரிந்த பொதுக்குரல் வைத்தால்தான் ஒவ்வொரு சொல்லுக்கும் பஞ்சாயத்து.

இதில் கோளாறு வருவது இரு பாத்திரமும் சந்திக்கும் இடத்தில். யார் பார்வையோ அவர் காட்சியை எழுதட்டும்; மற்றப் பாத்திரத்தின் உரையாடலை மட்டும் அதன் சொந்தக்காரர் மாற்றி எழுதட்டும். குழந்தை ஞானஸ்நானமா, வளர்ந்தபின் தண்ணீரில் மூழ்கி எடுக்கும் முழுக்கு ஞானஸ்நானமா என்ற வாக்குவாதம் வந்தால் முதல் பிரதியைத் தலைகீழாக்குங்கள்: பெந்தெகொஸ்தே நண்பர் குழந்தை ஞானஸ்நானத்துக்கு வாதாடி எழுத வேண்டும், சி.எஸ்.ஐ. நண்பர் முழுக்குக்கு. எதிராளியை முட்டாளாக்கும் வழக்கம் அங்கேயே அடிபடும்.

எந்த முறையானாலும் காலண்டரைப் பார்த்துத் தொடங்குங்கள். டிசம்பர் கரோல் ரவுண்டு, லெந்து நாட்கள், மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளி: சபையில் பொறுப்புள்ளவர்களிடம் இந்த மாதங்களில் ஒரு பக்கம் நகராது. ஜூனில் ஆரம்பித்து நவம்பருக்குள் முதல் பிரதி என்பது நடக்கக்கூடிய கணக்கு.

தட்டச்சிலும் ஒத்துப்போக வேண்டும். ஒருவர் யூனிகோடிலும் மற்றவர் பழைய பாமினி எழுத்துருவிலும் அடித்தால் சேர்க்கும்போது பாதி நாவல் கிறுக்கலாகத் தெரியும். மாற்றிக் கருவியில் போட்டாலும் "ொ" சில இடங்களில் "ெ", "ா" என்று இரு குறியாகப் பிரிந்து நிற்கும். பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும், சில மென்பொருள்களில் தேடினால் அகப்படாது. பாத்திரத்தின் பெயரை மாற்றும்போது இதுதான் காலை வாரும்.

உரிமையிலும் மூன்று முறைக்கும் வித்தியாசம் உண்டு. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஒருவர் பங்கை மற்றவர் பங்கிலிருந்து தனியாகப் பிரிக்க முடியாத படைப்பே கூட்டுப் படைப்பு. எழுதித் திருத்திய நாவல் அதில் எளிதாக அடங்கும். உரிமைக்காலம் கடைசியாக இறப்பவருக்குப்பின் 60 ஆண்டு. மாற்றி மாற்றியோ ஆளைப் பிரித்தோ எழுதியதில் "என் அத்தியாயம் என்னுடையது" என்று பின்னாளில் ஒருவர் கிளம்ப இடமிருக்கிறது. ஆகவே ஒரு பக்க ஒப்பந்தம் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்: அட்டையில் யார் பெயர் முன்னே, ராயல்டி எப்படிப் பங்கு (200 ரூபாய்ப் புத்தகத்துக்குப் பத்து சதவீதம் கிடைத்தால் ஆளுக்குப் பத்து ரூபாய்தான், இதற்கா சண்டை!), பதிப்பாளரிடம் பேசுபவர் யார். பதிப்பாளருக்கு உரிமை எழுதிக் கொடுக்கும்போது காலத்தைக் குறிக்காவிட்டால் சட்டப்படி அது ஐந்து ஆண்டு, எல்லையைக் குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள். ஒருவர் பாதியில் விலகினால் அவர் எழுதிய அத்தியாயங்களை மற்றவர் வைத்துக்கொள்ளலாமா, பாத்திரங்களை மட்டும் எடுத்துக்கொண்டு புதிதாக எழுதலாமா என்பதையும் அதே தாளில் சேர்த்துவிடுங்கள்.