கோத்தகிரி ஈரத்தில் ஒரு எஃப்3

என் நிக்கான் எஃப்3 ஃபிலிம் கேமரா போன வாரம்தான் கோயம்புத்தூரில் சுத்தம் செய்து திரும்பி வந்தது. அதைக் கேள்விப்பட்ட குன்னூர் நண்பர், "விலை குறைவா ஒண்ணு வருதுண்ணா, எடுக்கலாமா?" என்று கேட்டார்.

1980 முதல் 2001 வரை தயாரான கேமரா. அதன் உறுதியைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பதினெட்டு வருஷத்தில் ஷட்டர் ஒருநாளும் மக்கர் செய்ததில்லை. என் எரிச்சல் எல்லாம் பூஞ்சை மேல்தான்.

ஐப்பசி பிறந்தால் கோத்தகிரியில் துணி காயாது, பீரோவில் தொங்கும் பெல்ட்டில்கூடப் பச்சை படரும். லென்ஸைத்தான் எல்லோரும் கவனிப்போம். இந்த கேமராவிலோ கண்ணை வைத்துப் பார்க்கும் மேல்பாகமான ஃபைண்டர் கழலும், அதற்கடியில் காட்சி விழும் தகடான ஃபோகசிங் ஸ்கிரீனும் கழலும். ஆசைப்பட்டு இரண்டு ஃபைண்டர், மூன்று ஸ்கிரீன் சேர்த்தேன். எத்தனை பாகமோ, ஈரத்துக்கு அத்தனை இடுக்கு. ஒரு கார்த்திகையில் ஃபைண்டரைத் தூக்கிப் பார்த்தால், ஸ்கிரீன் ஓரத்தில் சிலந்தி நூல் மாதிரி வெள்ளை இழை. சுத்தம் செய்யக் கொடுத்த இடத்தில் துணியால் தேய்த்துவிட்டார்கள். ஸ்கிரீனில் காற்று மட்டும்தான் ஊத வேண்டும். அந்தக் கீறல் படத்தில் விழாது, ஆனால் கண்ணை வைக்கும்போதெல்லாம் வயிறு எரியும். இப்போது எல்லாம் ஒரு மரப்பெட்டியில், எப்போதும் எரியும் பதினைந்து வாட் பல்போடு இருக்கின்றன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதற்கு முந்தைய மாடல்களான எஃப், எஃப்2வில், வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் ஃபைண்டருக்குள் இருக்கும். அதைக் கழற்றினால் மீட்டரும் போச்சு. எஃப்3இல் மீட்டர் பாடிக்குள்ளேயே, மிரருக்குக் கீழே இருக்கிறது. அதனால் பிரிசம் ஃபைண்டர் இரண்டு மாதம் ரிப்பேரில் கிடந்தபோதும் கேமரா சும்மா இருக்கவில்லை. டிடபிள்யூ-3 என்ற, மேலிருந்து குனிந்து பார்க்கும் ஃபைண்டரை மாட்டிக்கொண்டு ஜனவரியில் ஊட்டிக்குப் பக்கத்துத் தலைக்குந்தா போனேன். உறைபனி விழுந்த புல்லில் கேமராவை வைத்துவிட்டுக் குனிந்தேன். படம் இடவலம் மாறித் தெரியும், கேமராவை வலப்பக்கம் திருப்பினால் காட்சியும் வலப்பக்கமே ஓடும். பழக ஒரு ரோல் ஆகும். அப்புறம், ஒரு புல் நுனியில் உப்பு ஒட்டியது போல நின்ற பனி, வெயில் பட்டதும் உருகி வளைந்தது. நின்றபடி எடுத்திருந்தால் அது என் கண்ணில் பட்டிருக்காது.

ஆனாலும் நண்பருக்கு என் பதில், வேண்டாம். குன்னூர் ஈரத்தில் இத்தனை பாகத்தையும் கட்டிக் காப்பது பெரிய பாடு, நான் இப்போதுதான் ஒரு ரிப்பேர் பில் கட்டியிருக்கிறேன். முன்பணம் கொடுத்தாயிற்று என்றால் சரி, அந்த டிடபிள்யூ-3 இருக்கிறதா என்று கேளுங்கள். அப்படியே ஃபைண்டரைத் தூக்கி, ஸ்கிரீனின் நாலு ஓரத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.